மவுண்ட் ரோடு: கோட்டையிலிருந்து பரங்கிமலை வரை ஒரு சாலை வளர்ந்த கதை

சென்னையில் ஜெமினி நிறுத்தத்தில் இறங்குகிறவர் அங்கே ஜெமினி ஸ்டுடியோவைத் தேடினால் கிடைக்காது. சஃபையர் தியேட்டர் மூடி முப்பது ஆண்டுகள் ஆகியும் ‘சஃபையர் பக்கத்துல’ என்று வழி சொல்கிறார்கள். ஸ்பென்சர் இருக்கிறது, ஆனால் அது பழைய ஸ்பென்சர் இல்லை. சாலைக்கே இரண்டு பெயர்: பலகையில் அண்ணா சாலை, பேச்சில் மவுண்ட் ரோடு.

இந்தச் சாலை செய்தியில் அடிபடும்போதெல்லாம் இரண்டு குழப்பங்கள் கூடவே வருகின்றன. ஒரு பழைய கட்டடத்தை இடிக்கிறார்கள் என்றால், ‘நூறு வருஷக் கட்டடமாயிற்றே, அரசாங்கம் பாதுகாக்காதா?’ என்று கேட்கிறார்கள். தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரையிலான மேம்பாலச் சாலை பற்றிய செய்தி என்றால், ‘கீழே மெட்ரோ ஓடுகிறதே, அதன் தலைமேல் எப்படிப் பாலம்?’ என்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். பதில் சொல்ல, சாலை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## எது மவுண்ட் ரோடு?

‘மவுண்ட்’ என்பது பரங்கிமலை. இயேசுவின் சீடர் தோமையார் உயிர்நீத்த இடம் என்று கிறிஸ்தவர்கள் நம்பும் குன்று. போர்ச்சுகீசியர் 1523-இல் அங்கே தேவாலயம் எழுப்பினார்கள். புனித ஜார்ஜ் கோட்டை 1640-களில் உருவானபோது, கோட்டையிலிருந்து அந்த மலைக்குப் போகும் வழிதான் மலைச்சாலை, அதாவது மவுண்ட் ரோடு ஆனது.

கோட்டைக்குத் தெற்கே கூவம் ஆற்றை ஒட்டிய தீவுத்திடலில், மன்றோ சிலையருகே தொடங்கி கிண்டி கத்திப்பாரா வரை சுமார் 15 கிலோமீட்டர் நீள்கிறது இந்தச் சாலை. அதற்குமேல் அதே பாதை ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையாகத் தெற்கே போகிறது.

தொடக்கப் புள்ளியில் நிற்கும் மன்றோ சிலையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்து, பதவியில் இருக்கும்போதே காலராவில் இறந்தவர் சர் தாமஸ் மன்றோ. சிலையில் அவர் குதிரைமேல் இருக்கிறார்; குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி மறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதே சிற்பி லண்டனில் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலையிலும் இவை கிடையாது. அப்படியிருக்க, அதை மறதி என்று சொல்வதற்கில்லை. அது அவர் பாணி.

## பாலம் வந்த பிறகுதான் சாலை

மலைக்குப் போக அடையாற்றைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் வழி அடைபட்டுவிடும். அந்தத் தடையை நீக்கியது அன்று சென்னையை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அல்ல. கோஜா பெத்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். சென்னையில் வாணிபம் செய்து பெரும் பொருள் ஈட்டியவர். 1726-இல் சைதாப்பேட்டையில் தன் சொந்தச் செலவில் பாலம் கட்டினார். அன்றைய தங்க நாணயமான வராகன் 30,000 செலவானதாகச் சொல்லப்படுகிறது. பாலத்தைப் பராமரிக்கத் தனியாகவும் ஒரு தொகை வைத்தார். பரங்கிமலை உச்சிக்கு ஏறும் கற்படிகளும் அவர் செலவில் ஆனவை.

அந்தப் பாலத்தை ஆங்கிலேயர் ‘மர்மலாங் பாலம்’ என்றார்கள். மாம்பலம்தான் அவர்கள் வாயில் மர்மலாங் ஆகிவிட்டது. 1960-களில் பழைய பாலத்தின் இடத்தில் புதியது வந்தது. இன்று அது மறைமலையடிகள் பாலம். உஸ்கான் நிறுவிய கல்வெட்டு மட்டும் பாலத்தின் வடகரையில் நிற்கிறது. பாரசீகம், லத்தீன், அர்மீனியம் என்று அதிலுள்ள மொழிகளில் எதையும் அவ்வழியே போகிறவர்கள் படிக்க முடியாது. நகரத்தின் முதுகெலும்பான சாலையைச் சாத்தியமாக்கிய மனிதரின் கல்லுக்கு ஒரு தமிழ் விளக்கப் பலகையும் நிழலும் செய்துகொடுப்பது பெரிய செலவு இல்லை. அதைச் செய்தே ஆக வேண்டும்.

பாலம் வந்ததும் பாதையின் பயனும் மாறியது. வேளாங்கண்ணிக்கு நடப்பதுபோல மலைக்கு நடந்த யாத்திரை வழி, படை நடக்கும் வழியாயிற்று. 1769-இல் ஹைதர் அலி படையுடன் சென்னையின் வாசல்வரை வந்து, கம்பெனியை உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார். அதற்குப் பிறகு பரங்கிமலையில் படை தங்கும் பாளையம் அமைந்தது. பீரங்கிப் படையின் தலைமையிடமும் அங்கே வந்தது. கோட்டைக்கும் பாளையத்துக்கும் இடையே தடையில்லாத வழி தேவைப்பட்டது. சாலை அகன்று உறுதிப்பட்டதற்கு முதல் காரணம் இதுதான்.

## மேற்கே ஏரி, சுற்றிலும் தோட்ட வீடு

இன்று சாலையில் நிற்பவர் கற்பனைகூடச் செய்ய முடியாத ஒன்று: சாலையின் மேற்குப் பக்கத்தில் நுங்கம்பாக்கம் தொடங்கி சைதாப்பேட்டை அருகே வரை பிறை வடிவில் ஏரி கிடந்தது. ஆங்கிலேயர் ஆவணங்களில் அது ‘நெடிய ஏரி’. அதை ஒட்டியே சாலை போனது. 1920-களில் ஏரியைத் தூர்த்து அதன்மேல் எழுப்பியதுதான் தியாகராய நகர். இன்று பனகல் பூங்காவில் நிற்பவர் ஒருகாலத்து ஏரிப் படுகையில் நிற்கிறார். நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

கோட்டைக்குள் நெருக்கடி கூடியதும், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கம்பெனி அதிகாரிகள் இந்தச் சாலையின் இருபுறமும் தோட்ட வீடு கட்டத் தொடங்கினார்கள். தோட்ட வீடு என்றால் தோட்டத்தில் ஒரு வீடு என்று எண்ணிவிடக் கூடாது. பல ஏக்கர் வளாகம், நடுவில் தூண்கள் வைத்த மாளிகை, நுழைவாயிலிலிருந்து வீடுவரை வண்டிப்பாதை. பின்னாளில் இந்தச் சாலையில் பெரிய ஓட்டல், பெரிய மால், பெரிய அரசு வளாகம் எழுந்ததற்கு இந்த மனைகளே காரணம். சந்துசந்தாகப் பிரிந்த ஜார்ஜ் டவுனில் அப்படி ஒரே துண்டாக நிலம் கிடைக்காது.

தோட்ட வீடுகளில் பெரியது அரசினர் மாளிகை. அதன் வளாகத்தில், திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த வெற்றியைக் கொண்டாட ஜான் கோல்டிங்ஹாம் கட்டிய விருந்து மண்டபம் 1802-இல் முடிந்தது. அகன்று உயரும் படிக்கட்டும் வரிசைத் தூண்களுமாக நிற்கும் அந்த மண்டபம்தான் இன்றைய ராஜாஜி ஹால். ஆங்கிலேயர் வெற்றிக்குக் கட்டிய மண்டபம், தமிழ்நாடு தன் தலைவர்களுக்கு விடைகொடுக்கும் இடமானது. 1969-இல் அண்ணா, 1987-இல் எம்.ஜி.ஆர்., 2016-இல் ஜெயலலிதா, 2018-இல் கருணாநிதி. அந்தப் படிக்கட்டைத் தமிழர்கள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் கண்ணீரோடுதான்.

மைசூர்ப் போரின் இன்னொரு நினைவு தேனாம்பேட்டையில் இருந்தது: திப்புவுடன் போரிட்ட ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸுக்கு எழுப்பிய நினைவு மண்டபம். அதை அங்கிருந்து எடுத்துப் போய் வெகுகாலம் ஆகிறது. செனடாஃப் சாலை என்ற பெயர் நின்றுவிட்டது. ‘செனடாஃப்’ என்றால் உடல் புதைக்கப்படாத நினைவிடம். இப்போது அந்த நினைவிடமும் அங்கே இல்லை.

## குதிரை வண்டியிலிருந்து கார் வரை

வசதியானவர்கள் குடியிருக்கும் சாலைக்குக் கடைகள் வரும். 19-ஆம் நூற்றாண்டில் மவுண்ட் ரோடு சென்னையின் அங்காடித் தெருவானது இப்படித்தான்.

1840-இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி முதலில் குதிரை வண்டிகள் கட்டியது. பிறகு மோட்டாருக்கு மாறியது. 1844-இல் ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் புத்தகக் கடை தொடங்கினார். நாட்டில் இன்றும் இயங்கும் மிகப் பழைய புத்தகக் கடை என்று பெயர் பெற்றது அது. இப்போதுள்ள வெள்ளைக் கட்டடம் 1904-இல் வந்தது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரக் கூரை. கட்டியபோது எந்தத் தொழிலோ அதே தொழில் இன்றும் அதே கட்டடத்தில் நடப்பது இந்தச் சாலையில் அரிது. அந்தப் பெருமை ஹிக்கின்பாதம்ஸுக்கு உண்டு.

கடிகாரத்துக்கு பி.ஆர் அண்டு சன்ஸ். 1870-களில் எழுந்த அதன் மணிக்கூண்டைப் பார்த்து ஊர் நேரம் சொன்ன காலம் இருந்தது. பத்திரிகைகளும் இங்கேதான்: 1878-இல் பிறந்த ‘தி இந்து’ சில ஆண்டுகளிலேயே இந்தச் சாலைக்கு இடம்பெயர்ந்தது. ‘மெயில்’ நாளிதழும் பக்கத்திலேயே இருந்தது.

ஸ்பென்சர் தனிக் கதை. 1860-களில் தொடங்கிய சிறு வியாபாரம், 1890-களில் சிவப்புச் செங்கல்லும் கூர்மையான வளைவுகளுமாக மாளிகைக் கடையாக உயர்ந்தது. இந்தப் பாணிக்கு இந்தோ-சாரசெனிக் என்று பெயர். முகலாயக் குவிமாடம், இந்துக் கோயில் வேலைப்பாடு, ஆங்கிலேயக் கட்டட அமைப்பு மூன்றையும் கலந்து ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர்கள் உருவாக்கியது. உயர் நீதிமன்றமும் எழும்பூர் அருங்காட்சியக வளாகக் கட்டடங்களும் இதே பாணி. 1980-களில் பழைய ஸ்பென்சர் தீக்கு இரையானது. அந்த இடத்தில் வந்ததுதான் ஸ்பென்சர் பிளாசா.

## எல்.ஐ.சி.: பார்க்க வரும் கட்டடம்

எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியவர். தன் காப்பீட்டு நிறுவனத்துக்காக இந்தச் சாலையில் இந்தியாவே பார்க்காத உயரத்தில் ஒரு கட்டடம் எழுப்ப நினைத்தார். 1953-இல் வேலை தொடங்கியது. 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. கட்டடம் எல்.ஐ.சி.யின் கைக்குப் போனது. லண்டன் கட்டடக்கலைஞர்கள் பாதியில் விலக, எல்.எம். சிதாலே முடித்துக் கொடுத்தார். 1959 ஆகஸ்டில் அன்றைய நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார்.

உயரம் 177 அடி. அன்றைக்கு நாட்டிலேயே அதுதான் உயரம். அதுவரை சென்னையில் பெரிய கட்டடம் என்றால் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். கான்கிரீட் தூண்களுக்கு இந்த ஊர் மாறியதன் அடையாளம் இது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் மெரினாவையும் எல்.ஐ.சி.யையும் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். 1975 ஜூலையில் பெரும் தீ விபத்து நடந்தும் கட்டடம் தாக்குப்பிடித்து இன்றும் நிற்கிறது. இன்றைக்கு அதைவிட உயரமானவை ஏராளம். ஆனால் மெட்ரோ நிலையத்துக்குக்கூட ‘எல்.ஐ.சி.’ என்றே பெயர் வைக்க வேண்டியிருந்தது.

## படம் பார்க்கும் சாலை

சென்னையின் தொடக்ககாலத் திரையரங்குகளில் ஒன்றான எலெக்ட்ரிக் தியேட்டர் 1913 வாக்கில் இங்கே வந்தது. அந்தக் கட்டடம் அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்தில் இன்றும் இருக்கிறது. அடுத்த அறுபது ஆண்டுகளில் எல்பின்ஸ்டன், குளோப், சாந்தி, ஆனந்த், தேவி என்று வரிசையாக வந்தன. 1964-இல் திறந்த சஃபையர் வளாகம், சஃபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று ஒரே கூரையின்கீழ் மூன்று அரங்குகளைக் கொண்டது. மல்டிபிளெக்ஸ் என்ற சொல்லே ஊருக்கு வராத காலம் அது.

எஸ்.எஸ். வாசன் 1940-இல் வாங்கி நடத்திய ஜெமினி ஸ்டுடியோவில்தான் 1948-இல் வந்த ‘சந்திரலேகா’ உருவானது. ஸ்டுடியோ போனது. 1973-இல் அந்தச் சந்திப்பில் நகரின் முதல் மேம்பாலம் வந்தது. அதற்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர் வைத்தார்கள். மக்கள் ஜெமினி மேம்பாலம் என்கிறார்கள். பாலத்தருகே திமிறும் குதிரையை அடக்கும் மனிதனின் சிலை நிற்கிறதே, அது 1970-களில் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தைத் தடை செய்ததன் நினைவு.

## பெயர் மாறியதும், ஒரு சொல் பிறந்ததும்

வாலாஜா சாலை வந்து சேரும் வட்டச் சந்திப்பை அந்தக் காலத்தில் ‘ரவுண்ட் தாணா’ என்றார்கள். தாணா என்றால் காவல் நிலையம். வட்டத்தின் நடுவே இருந்த காவல் சாவடியால் வந்த பெயர் என்பார்கள். அந்தச் சொல்தான் ‘ரவுண்டானா’ ஆகி, தமிழ்நாட்டில் எந்த ஊரில் எந்த வட்டச் சந்திப்பு வந்தாலும் அதற்குப் பெயராகிவிட்டது.

அங்கேதான் ஆள்காட்டி விரலை உயர்த்திய அண்ணா சிலை நிற்கிறது. அவர் முதலமைச்சராக உயிரோடு இருந்தபோதே 1968-இல் வைத்தது. 1969 பிப்ரவரியில் அவர் மறைந்த பிறகு சாலை அண்ணா சாலை ஆயிற்று. இரண்டு பெயரும் சேர்ந்து வாழ்வதில் தவறொன்றும் இல்லை. ஒன்று சாலை எங்கே போகிறது என்று சொல்கிறது. மற்றது யாரை நினைக்க வேண்டும் என்று சொல்கிறது.

## நூறு வருஷம் ஆனால் தானாகப் பாதுகாப்பு வருமா?

வராது. இங்கேதான் குழப்பம் அதிகம்.

1. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த ஒரு கட்டடத்தை அரசு அறிவிக்கை செய்தால்தான் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். வயது ஒரு தகுதி மட்டுமே. அறிவிக்கை இல்லாவிட்டால் பாதுகாப்பு இல்லை.

2. மரபுக் கட்டடம் என்பது வேறு வகை. தொல்லியல் துறையின் கையில் இல்லாமல், தனியாரோ நிறுவனமோ வைத்திருக்கும், நகரின் வரலாற்றுக்கு முக்கியமான கட்டடம். இவற்றைப் பட்டியலிட்டு, இடிக்கவோ மாற்றவோ ஒரு மரபுப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று வைக்கலாம். சென்னையில் அப்படிப் பட்டியலானவை 400-க்கும் மேல்.

3. அந்தப் பட்டியலுக்கு உயிர் வந்தது வழக்கால். ஸ்பென்சருக்குச் சற்றுத் தள்ளி, 1897-இல் மருந்து வணிகர் டபிள்யூ.இ. ஸ்மித் கட்டிய கார்டில் கட்டடம் இருக்கிறது. பின்னாளில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்று பெயர் பெற்று, எல்.ஐ.சி.யிடம் வந்தது. 2006-இல் இடிப்பு தொடங்கியதும், மரபுச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றம் தடுத்தது. நகரத்துக்கு மரபுப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பது அதன் தொடர்ச்சி. 2012-இல் மாநில மரபு ஆணையச் சட்டமும் நிறைவேறியது.

4. இடிக்கக் கூடாது என்ற தடையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: பழுதுபார்க்க வேண்டும் என்ற கட்டாயத்தை அது கொண்டுவருவதில்லை. உரிமையாளருக்கு மனையின் மதிப்பு பெரிது, கட்டடத்தின் வாடகை சிறிது. சும்மா விட்டால் மழையும் ஆலங்கன்றும் வேலையை முடித்துவிடும். கார்டில் கட்டடம் ஆண்டுக்கணக்கில் சிதிலமாகக் கிடப்பதற்கு இதுவே காரணம். வரிச்சலுகையோ, இழக்கும் கட்டுமானப் பரப்பை வேறிடத்தில் பயன்படுத்தும் உரிமையோ கொடுக்காமல் தடையை மட்டும் போட்டால், பாதுகாக்கப்பட்ட இடிபாடுகள்தான் மிஞ்சும்.

5. அரசே உரிமையாளராக இருந்தாலும் பாதுகாப்பு உறுதியில்லை. ராஜாஜி ஹாலின் பக்கத்திலிருந்த பழைய அரசினர் மாளிகையைப் புதிய தலைமைச் செயலகத்துக்காக இடித்தார்கள். 2010 மார்ச்சில் திறந்த அந்தச் செயலகம், ஆட்சி மாறி 2014-இல் ஓமந்தூரார் பல்நோக்கு மருத்துவமனையானது. மருத்துவமனையால் ஏழை மக்களுக்குப் பெரும் பயன். இரு நூற்றாண்டு கடந்த மாளிகை போனது போனதுதான். பி.ஆர் அண்டு சன்ஸ் வளாகத்தின் ஒரு பகுதியும் மெட்ரோ பணிக்காக இடிபட்டது.

## கீழே சுரங்கம், மேலே பாலம்

மெட்ரோ வழி இந்தச் சாலையின் அடியில் அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு, டி.எம்.எஸ்., தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை என்று போகிறது. ஆயிரம் விளக்கு என்பது ஆற்காட்டு நவாப் குடும்பம் எழுப்பிய பள்ளிவாசலால் வந்த பெயர். முஹர்ரம் கூட்டத்துக்கு ஆயிரம் விளக்கேற்றுவார்கள். தெற்குப் பகுதி 2018 மே மாதத்திலும், டி.எம்.எஸ்.ஸுக்கு வடக்கே 2019 பிப்ரவரியிலும் ஓடத் தொடங்கின. பணி நடந்தபோது, 2017 ஏப்ரலில் ஜெமினி அருகே சாலை திடீரென்று உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

அப்படிப்பட்ட சுரங்கத்தின்மேல் பாலமா? தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை சுமார் 3.2 கிலோமீட்டர், ரூ.621 கோடி மதிப்பீட்டில் 2024 ஜனவரியில் தொடங்கிய திட்டம் இது. தர்க்கம் இப்படிப் போகிறது:

1. வழக்கமான மேம்பாலத் தூணுக்கு, கடினமான மண் வரும்வரை ஆழமாகத் துளையிட்டுக் கான்கிரீட் நிரப்புவார்கள். இதற்குப் பைல் அடித்தளம் என்று பெயர். இங்கே அந்த ஆழத்தில் சுரங்கம் இருக்கிறது.

2. ஆகவே ஆழம் குறைந்த, அகலமான அடித்தளம் வேண்டும். ஈரமண்ணில் நடக்கும்போது பலகை போட்டு மிதிப்பதுபோல, எடை ஒரு புள்ளியில் இறங்காமல் பரவும்.

3. அகலமான அடித்தளமும் தாங்கும் எடைக்கு அளவு உண்டு. அதனால் மேலே வரும் பாலம் இலகுவாக இருக்க வேண்டும். ஒரே பளுவைத் தாங்கும் கான்கிரீட் கட்டமைப்பைவிட எஃகுக் கட்டமைப்பு எடை குறைவு. எஃகைத் தேர்ந்தது இதற்காகத்தான். வேகமாக முடிக்க மட்டும் அல்ல.

4. எஃகுப் பகுதிகளை வெளியே தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தலாம். பகலில் மூடவே முடியாத சாலைக்கு இது பெரிய உதவி. பதிலுக்கு, கடற்காற்று அடிக்கும் ஊரில் துரு பிடிக்காமல் வண்ணம் பூசிக் காப்பது காலமெல்லாம் இருக்கும் செலவு.

5. பாலம் எல்டாம்ஸ் சாலை, செனடாஃப் சாலை, நந்தனம் உள்ளிட்ட சிக்னல்களை வண்டி நிற்காமல் தாண்டவைக்கும். கீழே நடந்து கடக்கிறவர்களுக்கும், பேருந்துக்கு நிற்கிறவர்களுக்கும் அதனால் தானாக எதுவும் கிடைக்காது. நடைபாதையும் நிழலும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியவை.

பாலம் தெற்கே சைதாப்பேட்டையில் இறங்குகிறது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் அடையாறு. அதன் வடகரையில்தான் உஸ்கானின் கல்.